ஒளியிழையின் வாசலில் உப்பும் தூசியும்

கடற்காற்றில் உப்பு இருக்கிறது என்பதை இராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டின் கம்பிக் கதவு, மிதிவண்டிச் சங்கிலி, சன்னல் கொக்கி, படகின் எஞ்சின் ஆகிய எல்லாம் அதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த உப்புடன் போராடியது. 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. உலோகம் துருப்பிடிப்பதை ஆராய்வதைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் காரைக்குடியில் தொடங்கப்பெற்றபோது, அவ்வூரும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

இரும்பை உப்பு தின்னும்; ஆனால் கண்ணாடி துருப்பிடிப்பதில்லை. எனவே, தொலைபேசிச் செய்திகளும் இணையமும் செம்புக் கம்பியை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறியபோது, கடற்கரை மாவட்டங்களுக்கு இது பெரிய விடுதலை என்று தோன்றியது. அது உண்மையும்கூட. ஆயினும் உப்பு முற்றிலும் தோற்றுவிடவில்லை. கண்ணாடி இழையின் நீளத்தில் அதற்கு வேலை இல்லை. இழையின் வாசலில்தான் அதற்கு வேலை. ஓர் இழையை மற்றோர் இழையுடன் சேர்க்கும் இணைப்பியின் முகத்தில் ஒரு துகள் உட்கார்ந்துவிட்டால், பல கிலோமீட்டர் இழை செய்த உழைப்பு அங்கேயே வீணாகும். அந்தச் சிறு முகத்தைத் துடைக்கும் கருவிகளும் முறைகளும் எவ்வாறு வளர்ந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணாடி கம்பியான கதை

ஒளியை வளைந்த கண்ணாடி இழைக்குள் செலுத்தலாம் என்பது பழைய செய்தி. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பயின்ற நம் நாட்டவரான நரீந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்சுடன் சேர்ந்து, இழைக் கற்றையின் வழியே உருவப்படத்தை அனுப்பிய சோதனையை 1954-இல் வெளியிட்டார். ஆனால் அக்காலத்துக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரம் செல்வதற்குள் மங்கிவிடும். உடலின் உள்ளே பார்க்கும் மருத்துவக் கருவிக்கு அது போதும். ஊர் விட்டு ஊர் பேசுவதற்குப் போதாது.

1966-இல் இங்கிலாந்தில் பணிபுரிந்த சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவரும் ஒரு கணக்கை முன்வைத்தனர். ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிலுள்ள மாசுகளே என்றும், ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற அளவுக்கு இழப்பைக் குறைத்தால் தொலைபேசிக்கு இழை பயன்படும் என்றும் அவர்கள் கூறினர். இருபது டெசிபெல் இழப்பு என்றால், புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மறுமுனைக்கு வந்து சேரும் என்று பொருள். அன்றைய கண்ணாடிக்கு அதுவே எட்டாக் கனி. நான்கே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த மௌரர், கெக், ஷூல்ட்ஸ் ஆகியோர் அந்த எல்லையைத் தாண்டினர். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1977-இல் அமெரிக்க நகரங்களில் ஒளியிழை வழியே தொலைபேசி உரையாடல்கள் செல்லத் தொடங்கின. இந்தியாவில் 1979-இல் புனே நகரின் இரு தொலைபேசி நிலையங்களுக்கிடையே முதல் ஒளியிழைத் தொடர்பு அமைக்கப்பட்டது.

கண்ணாடியின் உள்ளே இருந்த மாசை நீக்கியதே ஒளியிழையின் முதல் வெற்றி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உள்மாசு போனபின், அடுத்த பகை வெளிமாசு. அது தலைகாட்டியது இணைப்பிகளில்.

ஓர் எளிய கணக்கு

இன்றைய நல்ல இழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் சாலை வழியே சுமார் 55 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் ஓர் இழை சென்றால் மொத்த இழப்பு 11 டெசிபெல். அதாவது, புறப்பட்ட ஒளியில் நூற்றில் எட்டுப் பங்கு போய்ச் சேரும். கருவிகளுக்கு இது தாராளம்.

இப்போது வழியில் அழுக்கான ஓர் இணைப்பி இருப்பதாகக் கொள்வோம். அதனால் ஒரு டெசிபெல் இழப்பு ஏற்பட்டால், அது 5 கிலோமீட்டர் இழைக்குச் சமம். இப்படி நான்கு இணைப்பிகள் இருந்தால் 20 கிலோமீட்டர் இழையைக் கூடுதலாகச் சேர்த்ததாக ஆகும். இராமேசுவரம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒளிக்கு மட்டும் அது இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது! மண்ணைத் தோண்டி, பாலத்தைக் கடந்து, பெருஞ்செலவில் இழை பதித்த உழைப்பை, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இப்படித் தின்கின்றன.

செம்பும் கண்ணாடியும்

இணைப்பிகளே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரு இழைமுனைகளை மின்பொறியால் உருக்கி நிரந்தரமாக ஒட்டும் முறை உண்டு. அதில் இழப்பு மிகக் குறைவு. தூசி புகவும் வழியில்லை. நிலத்தடியில் இழைகளை இணைப்பது பெரும்பாலும் அம்முறையில்தான். ஆனால் தொலைபேசி நிலையத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும், வீட்டுச் சுவரிலும், வேண்டும்போது கழற்றவும் மாட்டவும் வழி வேண்டும். அங்கே இணைப்பி இன்றியமையாதது.

செம்புக் கம்பிக் காலத்திலும் இணைப்புகள் அழுக்காயின. ஆனால் அவற்றில் ஒரு வசதி இருந்தது. செருகும்போது உலோகமும் உலோகமும் உரசும்; அந்த உரசலே மேலே படிந்த அழுக்கைச் சுரண்டிவிடும். பழைய தொலைபேசி நிலையங்களின் ரிலே தொடுமுனைகளைப் பளபளப்பாகத் தேய்ப்பதற்கென்றே மெல்லிய கருவிகள் இருந்தன. மின்சாரத்துக்கு உலோகம் எங்கேனும் ஓரிடத்தில் தொட்டாலே போதும்.

கண்ணாடியில் நிலைமை நேர்மாறு. ஒளி செல்லும் பரப்பு முழுவதும் தெளிவாக இருக்கவேண்டும். உரசினால் கீறல் விழும். கீறல் விழுந்தால் ஒளி சிதறும். செம்பில் பழகிய கை கண்ணாடிக்கு வந்தபோது, ‘நன்றாகத் தேய்’ என்ற பழைய பாடத்தை மறந்து, ‘மெல்லத் தொடு, அழுக்கை எடு’ என்ற புதிய பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது.

தொடக்ககால இணைப்பிகள் பலவற்றில் இரு கண்ணாடி முகங்களும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே நுண்ணிய இடைவெளி விட்டனர். கீறலுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மீண்டும் கண்ணாடிக்கும் ஒளி தாவும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடும். அந்த இடைவெளியை நிரப்பச் சிலர் ஒரு வகைப் பசையைத் தடவினர். பசையோ தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. இறுதியில் இழைமுனையைப் பீங்கான் போன்ற கெட்டியான சிறு உருளையில் பொருத்தி, முகத்தைச் சற்றே குவிந்திருக்குமாறு மெருகேற்றி, ஒரு சுருள்வில்லின் அழுத்தத்தால் இரு கண்ணாடிகளையும் நேருக்கு நேர் தொடவைக்கும் முறை நிலைபெற்றது. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் உருவாக்கிய எஃப்.சி., எஸ்.சி. வகைகளும், அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. உருவாக்கிய எஸ்.டி. வகையும் 1980-களில் பரவின.

இந்த முன்னேற்றமே தூசியை முதல் எதிரியாக்கியது. இரு முகங்களையும் வில் அழுத்துகிறது. நடுவே ஒரு மணல் துகள் இருந்தால் அது நசுங்கி, இரண்டு கண்ணாடிகளிலும் குழி விழும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் குழி போகாது.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. முதலில் வந்த பன்முறை இழைகளில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் 50 மைக்ரான் அளவில் இருந்தது. பின்னர்த் தொலைதூரத்துக்கென வந்த ஒற்றைமுறை இழையில் அது 9 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பரப்பளவைக் கணக்கிட்டால், புதிய வாசல் பழைய வாசலில் முப்பதில் ஒரு பங்கே. முன்பு ஓரமாய்க் கிடந்த துகள், இப்போது வாசலையே அடைத்துக்கொண்டது. கடல் அலை உடையும்போது காற்றில் தெறிக்கும் நீர்த்திவலை உலர்ந்து எஞ்சும் உப்புத் துகள்களில் பல, சில மைக்ரான் அளவுள்ளவை. இந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்தால், இராமேசுவரம் போன்ற தீவில் இணைப்பியைத் திறந்து வைப்பதன் ஆபத்து விளங்கும்.

கலங்கரை விளக்கம் தந்த பாடம்

ஒளிக்காகக் கண்ணாடியைத் துடைப்பது ஒளியிழையோடு பிறந்த கலையன்று. கடலோர மக்கள் அதை முன்பே அறிவர். பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் வகுத்த பெரிய அடுக்கு வில்லைகள் 1823 முதல் கலங்கரை விளக்கங்களில் பொருத்தப்பட்டன. அவற்றைப் பேணும் காவலர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் விரிவான விதிகள் எழுதப்பட்டன. வில்லையின் அருகே செல்லும்போது பருத்தி அல்லது லினன் மேலாடை அணியவேண்டும். சட்டைப் பொத்தான் பட்டுக் கண்ணாடி கீறிவிடக் கூடாது. முதலில் இறகுத் தூரிகையால் தூசியைத் தட்டவேண்டும். பிறகு மென்துணியால் துடைக்கவேண்டும். எண்ணெய்க் கறை இருந்தால் மட்டும் சாராயத்தில் நனைத்த துணியைப் பயன்படுத்தவேண்டும்.

இதில் அடங்கிய அறிவு மூன்று: கெட்டியான தூசியை முதலில் அகற்றாமல் தேய்த்தால் அதுவே அரமாகிவிடும்; எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து கிடையாது; துடைப்பவரின் உடையும் கையும்கூட அழுக்கின் பிறப்பிடமே. ஆள் உயர வில்லைக்குச் சொன்ன இந்த விதிகள், 9 மைக்ரான் வாசலுக்கும் பொருந்தின. ஆனால் அதை உணர்வதற்குச் சில காலம் பிடித்தது.

கருவிகள் வந்த வரிசை

தொடக்கத்தில் கைக்குக் கிடைத்ததே கருவி. இணைப்பியை வாயால் ஊதுவது, சட்டை நுனியில் துடைப்பது ஆகிய பழக்கங்கள் எல்லா நாட்டிலும் இருந்தன. ஊதினால் மூச்சின் ஈரமும் எச்சில் துளியும் படியும். சட்டையால் துடைத்தால் வியர்வையின் எண்ணெயும் பஞ்சிழையும் ஒட்டும்.

அடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வந்தன. எண்ணெய்க் கறை கரைந்தது. ஆனால் சாதாரணப் பஞ்சு நூல் உதிர்த்தது. ஆல்கஹால் அதிகமானால் உலரும்போது வளையமாகக் கறை விட்டது. எனவே நூல் உதிராத சிறப்புத் துணிகளும், இணைப்பியின் துளைக்கென்றே 2.5 மில்லிமீட்டர், 1.25 மில்லிமீட்டர் அளவில் செய்த குச்சிகளும் தோன்றின. அழுத்தப்பட்ட வாயுவைப் பீய்ச்சும் டப்பாக்களும் பயன்பட்டன. அவை கனமான தூசியை விரட்டின. ஒட்டிக்கொண்ட நுண்துகளை அசைக்கவில்லை. டப்பாவைச் சாய்த்தால் திரவமே தெறித்துப் புதிய கறையையும் உண்டாக்கின.

பின்னர் ஜப்பானில் ஒரு நல்ல யோசனை உருவாயிற்று. ஒலிநாடாப் பெட்டியைப் போன்ற ஒரு பெட்டிக்குள் நெய்த நாடாவைச் சுற்றி வைத்தனர். விசையை அழுத்தினால் மூடி திறந்து புதிய நாடா நகரும். அதன்மேல் இணைப்பியின் முகத்தை ஒரே திசையில் இழுத்தால் போதும். துடைத்த இடத்தில் மறுபடி துடைக்கும் தவறுக்கு இடமில்லை. பெட்டி நாடா வெளியே உள்ள முகத்துக்கு உதவியது. ஆனால் கருவிப் பலகையின் உள்ளே மாட்டியிருக்கும் மறுமுகத்தை எட்டவில்லை. அதற்காகப் பேனா வடிவக் கருவி வந்தது. துளைக்குள் செருகித் தள்ளினால் ‘கிளிக்’ என்ற ஓசையுடன் நுண்ணிய நூல் சுழன்று முகத்தைத் துடைக்கும். இது 2000-களில் பெரிதும் பரவியது.

ஒவ்வொரு கருவியும் அதற்கு முந்தியதன் ஒரு குறையைத் தீர்க்கவே வந்தது என்பதைக் காண்கிறோம். ஆகவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அழுக்கு, எந்த முகம் என்று கேட்பதே முறை.

எரியும் இழை

அழுக்கு ஒளியை மறைப்பதோடு நின்றுவிடும் என்றுதான் நெடுநாள் கருதினர். 1987-இல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வுக்கூடத்தில் ராமன் காஷ்யப் விந்தையான ஒரு காட்சியைக் கண்டார். வலிமையான லேசர் ஒளி சென்ற இழையில் ஒரு வெண்சுடர் தோன்றி, ஒளி வந்த திசையை நோக்கியே மெல்ல நடந்து சென்றது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அது கடந்துசென்ற இடமெல்லாம் இழையின் நடுப்பகுதி குமிழிகளாகச் சிதைந்து கிடந்தது. வெடித்திரி எரிவதுபோல் இருந்ததால் இதற்கு ‘இழைத்திரி’ என்ற பொருள்படப் பெயர் வைத்தனர். இணைப்பியின் முகத்தில் உள்ள அழுக்கு ஒளியை உறிஞ்சிச் சூடேறுவதே இது பற்றிக்கொள்ளும் வழிகளுள் ஒன்று.

ஒளியை நேரடியாகப் பெருக்கும் கருவிகள் அதே காலத்தில் பிறந்து பெருகியதால், இழைகளில் செல்லும் ஆற்றல் ஆண்டுக்காண்டு உயர்ந்தது. ஒரு துகளால் ஓர் இணைப்பி மட்டுமன்றி ஒரு நீண்ட இழையே பாழாகலாம் என்ற எச்சரிக்கைக்குப் பின் துப்புரவின் மதிப்பு கூடியது.

கண்ணால் கண்டு உறுதிசெய்

துடைத்தாயிற்று, சுத்தமாயிற்றா? இதை அறிய நுண்ணோக்கி வேண்டும். தொடக்கத்தில் 200 அல்லது 400 மடங்கு பெரிதாக்கும் கைநுண்ணோக்கியால் நேரே பார்த்தனர். இதில் ஓர் ஆபத்து உண்டு. தொலைத்தொடர்பில் பயன்படும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்க வல்லது. இழையில் ஒளி இருக்கிறதா என்று அறியாமல் வெறுங்கண்ணாலோ நுண்ணோக்கியாலோ அதைப் பார்த்தல் கூடாது. இக்காரணத்தால், படத்தைத் திரையில் காட்டும் வீடியோ நுண்ணோக்கிகள் வழக்கத்துக்கு வந்தன.

பார்த்தவர் ஒருவர் ‘சுத்தம்’ என்பார், மற்றவர் ‘அழுக்கு’ என்பார். இந்த வழக்கைத் தீர்க்க 2000-களில் மின்னணுத் தொழில் நிறுவனங்கள் கூடி ஆய்வுகள் நடத்தின. நடுப்பகுதிக்கு வெளியே கிடக்கும் துகள், மாட்டிக் கழற்றும்போது நடுவை நோக்கி நகரக்கூடும் என்று அவை காட்டின. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2009-இல் 61300-3-35 என்ற எண்ணுள்ள தரவிதியை வெளியிட்டது. அது இணைப்பியின் முகத்தை வட்ட வட்டமாகப் பிரித்து, எந்த வட்டத்தில் எவ்வளவு கீறலும் புள்ளியும் பொறுக்கத்தக்கவை என்று வரையறுத்தது. 25 மைக்ரான் விட்டமுள்ள நடுவட்டத்துக்கே மிகக் கடுமையான விதி. 2015-இலும் 2022-இலும் இந்த அளவுகள் திருத்தப்பட்டன. தனிமனிதரின் கருத்தாக இருந்த தூய்மை இவ்வாறு அளவிடத்தக்க ஒன்றாயிற்று.

உப்புக் கரையில் எந்த முறை?

வரலாறு தந்த பாடங்களை இராமநாதபுரம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, உப்பின் வேதியியல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கும். சமையல் உப்பை அது கரைப்பது மிக அரிது. எனவே, விரல்பட்ட கறைக்கு அது நல்ல மருந்தேயாயினும், உப்புப் படிவை அது இடம் மாற்றுமே தவிரக் கரைத்து எடுக்காது. எடுக்கவேண்டியது துணி. உப்பையும் எண்ணெயையும் சேர்த்துக் கரைக்குமாறு தயாரித்த திரவங்களும் உண்டு.

இரண்டாவது, ஈரம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை ஈர்த்துத் தானே கரையும். காற்று உலர்ந்தால் மீண்டும் படிகமாகும். அதனால் நேற்று தெளிவாகத் தெரிந்த முகத்தில் இன்று புள்ளிகள் காணலாம். ஆல்கஹாலும் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மூடி திறந்தே கிடந்த குப்பியும், மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் கலந்த 70 சதவீத ஆல்கஹாலும் இவ்வேலைக்கு ஏற்றவையல்ல. 99 சதவீதத் தூய்மையுள்ளதை, சிறிய குப்பியில், இறுக மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வரிசை. முதலில் நுண்ணோக்கியால் பார்க்கவேண்டும். அழுக்கு இருந்தால் உலர்முறையில், அதாவது நாடாப் பெட்டியாலோ பேனாக் கருவியாலோ துடைத்து, மறுபடி பார்க்கவேண்டும். போகாவிட்டால் நூல் உதிராத துணியின் ஒரு மூலையை மட்டும் இலேசாக நனைத்து, ஈரப்பகுதியிலிருந்து உலர்ந்த பகுதிக்கு ஒரே திசையில் இணைப்பியை இழுக்கவேண்டும். துணியின் கீழே மெத்தென்ற அட்டை இருக்கலாம். உள்ளங்கையோ மேசைப்பலகையோ கூடாது. உலர்ந்த துணியில் மட்டும் பலமுறை தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகித் தூசியை இழுக்கும். இலேசான ஈரம் அதைத் தணிக்கும். ஒருமுறை பயன்பட்ட துணியோ குச்சியோ மறுமுறை கூடாது.

நான்காவது, இருமுகமும். ஒருபுறத்தைத் துடைத்து, அழுக்கான மறுபுறத்தோடு மாட்டினால் இரண்டுமே அழுக்காகும்.

ஐந்தாவது, மூடி. இணைப்பிக்குத் தரும் பிளாஸ்டிக் மூடி காவல் என்று நம்புகிறோம். அதன் உட்புறத்திலும் தூசியும் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருளும் இருக்கும். மூடி அவசியமே, ஆனால் மூடியைக் கழற்றிய இணைப்பியைச் சுத்தமானது என்று எண்ணி அப்படியே செருகலாகாது. வெளியிலுள்ள பெட்டிகளின் கதவு ரப்பர்களைச் சரிவரப் பேணி, கடற்காற்றை உள்ளே விடாமல் இருப்பதே எல்லாத் துடைப்பிலும் மேலானது.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய சிந்தனையுமன்று. 2016-இல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் சுமார் 25 இலட்சம் தகடுகளின் மேலுள்ள தூசியைத் துடைப்பதற்கென்றே தானியங்கிக் கருவிகள் வைக்கப்பட்டன. அங்கே ஒளி விழும் கண்ணாடி பல நூறு ஏக்கர். இங்கே 9 மைக்ரான். விதி ஒன்றே: ஒளியின் வழியில் தூசி நிற்கக் கூடாது.

கடைக்கோடி வரை

2006-இல் தூத்துக்குடியையும் இலங்கையின் மவுண்ட் லவினியாவையும் மன்னார் வளைகுடாவின் அடியில் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பி இணைத்தது. 2011-இல் மைய அரசு ஒப்புதல் தந்த, பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற திட்டம், நாட்டின் ஊராட்சிகள் அனைத்துக்கும் இழையைக் கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. தமிழகத்தில் மட்டும் 12,525 ஊராட்சிகள். அவற்றுள் 429 இராமநாதபுரம் மாவட்டத்தில். கடலடிக் கம்பியின் முனை, குளிரூட்டிய அறையில் பயிற்சி பெற்ற பொறியாளர் கையில் இருக்கும். ஊராட்சி இழையின் முனையோ, மணல் பறக்கும் தெருவில், உப்புக் காற்றில், ஏணிமேல் நிற்கும் ஓர் இளைஞரின் கையில் இருக்கும். புயல் எச்சரிக்கை வருவதும், சான்றிதழ் கிடைப்பதும், மாணவர் பாடம் கேட்பதும் அந்தக் கையின் பழக்கத்தைப் பொறுத்தவை. நாடாப் பெட்டியும் பேனாக் கருவியும் அந்த இளைஞரின் பையில் இருக்கவேண்டிய அளவுக்கு, பார்த்தல், துடைத்தல், மீண்டும் பார்த்தல் என்ற மூன்று சொற்களும் அவர் மனத்தில் இருக்கவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் பாடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், அது பல கிலோமீட்டர் இழையைச் சேமிக்கும்.